ஒரே எண்ணில் இரண்டு பேர்: முதன்மைச் சாவியின் கதை

சாதாரண தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு இந்த வரைவிலக்கணம் மனப்பாடம். ஓர் அட்டவணையில் ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலம் முதன்மைச் சாவி. அதில் ஒரே பெறுமானம் இரண்டு தரம் வரக்கூடாது. உதாரணம் கேட்டால் பாடசாலைச் சேர்விலக்கம் எண்டு எழுதுவம், இல்லாட்டி தேசிய அடையாள அட்டை இலக்கம் எண்டு எழுதுவம். புள்ளி கிடைக்கும், அடுத்த கேள்விக்குப் போயிடுவம்.

ஆனால் வரக்கூடாதது வந்துவிட்டால்? அதைப் பாடம் பெரிதாகப் பேசுவதில்லை. வேலைக்குப் போன பிறகுதான் அந்தச் சிவப்பு எழுத்துச் செய்தி திரையில் வரும்: இந்தச் சாவி ஏற்கெனவே இருக்கிறது, இரட்டிப்பு அனுமதி இல்லை. அப்போது பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. எண்ணை மாற்றிப் போட்டுவிட்டுப் போவது, அல்லது இரண்டில் ஒரு வரியை அழித்துவிடுவது.

இரண்டும் ஒரு கேள்வியைக் கேளாமல் செய்யிற வேலை. ஒரு சாவி இரண்டு இடத்தில் இருக்கிறதென்றால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒரே ஆளை இரண்டு தரம் பதிந்திருக்கிறோம், அல்லது இரண்டு ஆட்களுக்கு ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறோம். முதலாவதில் ஒன்றை நீக்கலாம். இரண்டாவதில் ஒன்றை நீக்கினால் ஓர் ஆள் காணாமல் போய்விடுகிறார். கணினிக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கடந்த எண்பது வருசத்தில் மனிதர்கள் இந்த வித்தியாசத்தோடு எப்படி மல்லுக்கட்டினார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கொட் எழுதிய விதி

எட்கார் கொட் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானி. பிறகு அமெரிக்காவுக்குப் போய் ஐபிஎம்மில் சேர்ந்தார். 1970 ஜூனில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் இன்று நாங்கள் படிக்கிற தொடர்புசார் தரவுத்தளத்தின் தொடக்கம். முதன்மைச் சாவி, அந்நியச் சாவி என்ற இரண்டு சொற்களும் அந்தக் கட்டுரையில் இருக்கின்றன.

அதற்கு முந்திய ஒழுங்குகளில் ஒரு பதிவைக் கண்டுபிடிக்க, அது எங்கே கிடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு பதிவு அடுத்த பதிவின் முகவரியை வைத்திருக்கும், அது அதற்கடுத்ததன் முகவரியை வைத்திருக்கும். ஐபிஎம் விற்றுக்கொண்டிருந்த ஐஎம்எஸ் மரம் போலக் கிளை பிரிந்த அமைப்பு. வேரில் இருந்து கிளை கிளையாக இறங்கித்தான் தேட வேண்டும். கொட் கேட்டது வேறு. பதிவு எங்கே இருந்தால் என்ன, அதற்குள் இருக்கும் பெறுமானத்தை வைத்தே அதை அடையாளம் காண முடிய வேண்டும். ஊரில ஒருத்தரைத் தேடுறதுக்கு "மூண்டாவது ஒழுங்கையில இடப்பக்கம் ரண்டாவது வீடு" எண்டு சொல்லாமல், பேரைச் சொல்லித் தேடுற மாதிரி. அப்படித் தேடுவதென்றால் அந்தப் பேர் ஒருவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். முதன்மைச் சாவி இரட்டிக்கக் கூடாது என்பது அழகுக்காகப் போட்ட விதி இல்லை. அது இல்லாவிட்டால் முழு அமைப்பும் நிற்காது.

விதி எழுதப்பட்டது 1970 இல். அது நடைமுறைக்கு வந்த வேகத்தைப் பாருங்கோ. ஐபிஎம்மின் சன் ஹொசே ஆய்வுகூடத்தில் பரீட்சார்த்த அமைப்பின் வேலை 1974 இல்தான் தொடங்கியது. 1979 இல் ஒராக்கிள் சந்தைக்கு வந்தது. எஸ்கியூஎல் மொழிக்கு 1986 இல் முதல் தரநியமம் வந்தபோது அதில் முதன்மைச் சாவி என்ற வாசகமே இல்லை; ஒரு புலம் தனித்துவமானது என்று மட்டும் சொல்லலாம். 1989 இல் வந்த திருத்தத்தில்தான் முதன்மைச் சாவியும் அந்நியச் சாவியும் உள்ளே வந்தன. ஒராக்கிளின் ஆறாவது பதிப்பில் முதன்மைச் சாவி என்று எழுதலாம், ஆனால் அது சும்மா எழுத்து. இரட்டிப்பை அது தடுக்காது. உண்மையாகத் தடுத்தது 1992 இல் வந்த ஏழாவது பதிப்பு. விதிக்கும் காவலுக்கும் இடையில் 22 வருசம்.

இன்றைக்கும் எஸ்கியூஎல்லில் சாவியே இல்லாமல் ஓர் அட்டவணை உருவாக்கலாம். ஒரே வரியை அச்சொட்டாகப் பத்துத் தரம் போடலாம். கொட் இதைக் கடைசிவரை எதிர்த்தார். மற்றப் பக்கத்தார் சொன்ன நியாயமும் கேட்கக்கூடியதுதான். கடைப் பில்லில் ஒரே சவர்க்காரம் இரண்டு வரியாக வரலாம், இரண்டும் ஒரே விலை, இரண்டும் உண்மை. அதற்குக் கொட்டின் பக்கத்துப் பதில்: இரண்டு சவர்க்காரம் என்றால் எண்ணிக்கைப் புலத்தில் 2 என்று எழுது, இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் ஓர் இலக்கம் கொடு. ஒன்றும் செய்யாமல் ஒரே வரியை இரண்டு தரம் விட்டால், பிறகு பார்க்கிறவருக்கு அது இரண்டு சவர்க்காரமா, காசாளர் கைதவறி இரண்டு தரம் அழுத்தியதா என்று தெரியாது.

எங்கட முழுக் கேள்வியும் அந்தச் சவர்க்காரத்துக்குள்ளேயே இருக்கிறது.

பணப்பைக்குள் இருந்த அட்டை

கணினிக்கு முன்பே அரசுகள் ஆட்களுக்கு எண் கொடுக்கத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு எண் 1936 இல் வந்தது. இரண்டு வருசத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. நியூயோர்க் மாநிலத்தில் லொக்போர்ட் என்ற ஊரில் பணப்பை செய்யும் ஒரு நிறுவனம், புது அட்டை தங்கள் பைக்குள் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று காட்ட, பைக்குள் ஒரு மாதிரி அட்டையைச் செருகி விற்றது. அந்த மாதிரியில் அச்சடித்த எண் கற்பனை எண் அல்ல. அங்கே வேலை பார்த்த செயலாளர் ஒருவரின் சொந்த எண். அட்டை உண்மையானதைவிடச் சிறிது, மாதிரி என்று எழுதியும் இருந்தது. ஆனால் வூல்வேர்த் கடைகளில் பையை வாங்கியவர்களில் பலர் அதுதான் தங்கள் எண் என்று எடுத்துக்கொண்டார்கள். 1943 இல் மட்டும் 5,755 பேர் அந்த எண்ணைப் பாவித்துக்கொண்டிருந்தார்கள். காலப்போக்கில் 40,000 பேருக்கு மேல் அதைத் தங்கள் எண்ணாகக் கொடுத்திருக்கிறார்கள். 1977 இல்கூட 12 பேர் அதை விடவில்லை.

கடைசியில் அரசு அந்த எண்ணை ரத்துச் செய்தது. உரிமைக்காரிக்குப் புது எண் கொடுத்தது. ஒரு பிழையும் செய்யாதவர்தான் தன் எண்ணை இழந்தார். எண் வெறும் ஒரு புலமாக இருக்கும்போது இது சின்ன விசயம். சம்பளமும் ஓய்வூதியமும் அந்த எண்ணில் தொங்கும்போது சின்ன விசயம் இல்லை.

சுவீடனில் நடந்தது வேறு மாதிரி. 1947 இல் அங்கே நாட்டில் வசிக்கிற எல்லாருக்கும் எண் வந்தது. பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், மாதம், நாள், பிறகு மூன்று இலக்கத் தொடர் எண். அதில் ஆண்களுக்கு ஒற்றை, பெண்களுக்கு இரட்டை. 1967 இல் கடைசியில் ஒரு சோதனை இலக்கத்தையும் சேர்த்தார்கள். வருடத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் என்பதால், ஒருவர் நூறு வயதைத் தொடும்போது எண்ணுக்கு நடுவில் இருக்கும் சிறு கோடு கூட்டல் குறியாக மாறும். 1910 இல் பிறந்த பாட்டியையும் 2010 இல் பிறந்த பூட்டியையும் அந்தக் குறிதான் பிரிக்கிறது.

ஆனால் அவர்கள் எதிர்பாராத சிக்கல் வேறு பக்கத்தால் வந்தது. பிறந்த திகதி சரியாகத் தெரியாமல் அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு ஜனவரி 1 அல்லது ஜூலை 1 என்று பதிந்தார்கள். ஒரு நாளுக்கு ஓர் பாலாருக்கு இருப்பதே ஏறத்தாழ 500 எண். சில வருடங்களின் ஜனவரி முதலாம் திகதி நிரம்பிவிட்டது. அதன் பிறகு வந்தவர்களுக்குப் பக்கத்து நாட்களைப் பிறந்தநாளாகக் கொடுத்தார்கள். எண்ணுக்குள் அர்த்தத்தை வைத்தால், எண் தீரும்போது அர்த்தத்தை வளைக்க வேண்டி வரும்.

எங்கட அட்டை

இலங்கைக்கு வருவம். 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்தல் சட்டத்தின் கீழ், 1972 இல் இருந்து தேசிய அடையாள அட்டை வழங்கப்படுகிறது. பழைய இலக்கத்தின் அமைப்பு எங்கட அப்பா அம்மாவின் அட்டையைப் பார்த்தால் தெரியும். ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு பிறந்த வருடம். அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 1985 ஜனவரி 2 இல் பிறந்த ஆணுக்கு 85002 என்று தொடங்கும், அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 85502. பிறகு மூன்று இலக்கத் தொடர் எண், ஒரு சோதனை இலக்கம், கடைசியில் வி அல்லது எக்ஸ். வி என்றால் வாக்குரிமை உள்ளவர்.

சோதனை இலக்கம் ஒரு நல்ல காவலாளி. மற்ற இலக்கங்களைக் கணக்குப் பண்ணி வருவதுதான் அது. எழுதும்போது ஓர் இலக்கம் பிழைத்தால் கணக்கு ஒத்துவராது, உடனே பிடிபடும். ஆனால் அதைக் கணித்துப் பார்க்காமல் எண்ணை அப்படியே வாங்கி வைக்கிற மென்பொருளில் காவலாளி இருந்தும் இல்லாத மாதிரித்தான். ஒரு தட்டச்சுப் பிழையால் ஒருவரின் எண் இன்னொருவரின் எண்ணாக மாறிப் பதிவாகும். பிறகு உண்மையான உரிமையாளர் வரும்போது, "நீங்கள் ஏற்கெனவே பதிஞ்சிட்டீங்கள்" என்று திரை சொல்லும்.

இந்த அமைப்பிலும் வருடத்துக்கு இரண்டே இலக்கம். 1900 ஜனவரி 2 இல் பிறந்தவருக்கும் 2000 ஜனவரி 2 இல் பிறந்தவருக்கும் 00002 என்றே தொடங்கும். 1972 இல் அட்டை கொடுக்கத் தொடங்கியபோது 1900 இல் பிறந்தவருக்கு 72 வயது. அவரும் அட்டை எடுத்திருப்பார். அட்டை எடுக்கும் வயது அப்போது 16 ஆக இருந்ததால் 2000 ஆம் ஆண்டுப் பிள்ளைகள் 2016 இல் வரிசைக்கு வருவார்கள். முதல் பிள்ளை வருவதற்கு முன்பே மாற்றம் வந்தாக வேண்டும். 2016 ஜனவரி 1 முதல் புதிய இலக்கம் வந்தது: பன்னிரண்டு இலக்கம், எழுத்து இல்லை. வருடம் நான்கு இலக்கம், நாள் மூன்று, தொடர் எண் நான்கு, சோதனை இலக்கம் ஒன்று. இதை வாசிக்கிற உங்களில் பலர் அந்தப் பன்னிரண்டு இலக்கத் தலைமுறைதான்.

திணைக்களத்தின் பக்கத்தில் இது நல்ல தீர்வு. இரண்டு ஆளுக்கு ஒரு சாவி என்ற ஆபத்து போய்விட்டது. ஆனால் அதே நாளில் எதிர்ப்பக்கத்து ஆபத்து பிறந்தது: ஒரு ஆளுக்கு இரண்டு சாவி. பழைய எண்ணைப் பன்னிரண்டு இலக்கமாகவும் எழுதலாம். முன்னுக்கு 19 சேர்த்து, தொடர் எண்ணுக்கு முன் ஒரு பூச்சியம் போட்டு, எழுத்தை எடுத்துவிட்டால் சரி. மனிதருக்கு இரண்டும் ஒரே ஆள். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு எழுத்துச் சரங்கள். கூட்டுறவுச் சங்கம், வைத்தியசாலை, தனியார் வகுப்பு என்று அடையாள அட்டை இலக்கத்தைச் சாவியாக வைத்திருக்கிற ஒவ்வொரு தரவுத்தளத்திலும் ஒருவர் இரண்டு தரம் இருக்கலாம். எந்தப் பிழைச் செய்தியும் வராது. சத்தம் போடாத இரட்டிப்பு இதுதான், கண்டுபிடிக்கக் கஷ்டமானதும் இதுதான்.

இன்னும் சின்ன விசயம்: அந்த வி. ஒருவர் பெரிய எழுத்தில் அடிப்பார், இன்னொருவர் சின்ன எழுத்தில். மைஎஸ்கியூஎல் சாதாரண அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். போஸ்ட்கிரெஸ் வேறாகப் பார்க்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் வருசக்கணக்காக அமைதியாகக் கிடந்த அட்டவணையை மைஎஸ்கியூஎல்லுக்கு மாற்றும் அன்று திடீரென்று இரட்டிப்புப் பிழைகள் கொட்டும். அவை அன்றைக்கு முளைத்தவை அல்ல. அன்றைக்குத்தான் கண்ணில் பட்டன.

அர்த்தமில்லாத எண்கள்

பிறந்தநாளும் பாலும் வாக்குரிமையும் ஏறிய எண் எப்போதும் சிக்கல்தான் என்று 1970களிலேயே யோசித்தார்கள். கொட் 1979 இல் எழுதிய இன்னொரு கட்டுரையில் பதிலிச் சாவியைப் பற்றிப் பேசுகிறார். வெளியுலகில் எந்த அர்த்தமும் இல்லாமல் அமைப்பு தானே உருவாக்கிக் கொடுக்கும் அடையாளம் அது. இன்று ஏறக்குறைய எல்லாரும் செய்வது இதைத்தான். 1, 2, 3 என்று தானாக ஏறும் எண்.

இதில் இரட்டிப்பு எப்படி வரும் என்று கேட்கலாம். வரும், மூன்று நான்கு வழியால்.

முதல் வழி, எண்ணி வைத்திருப்பவர் மறந்துபோவது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி அடுத்த எண் எது என்பதை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. சேர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால், அட்டவணையில் இருக்கும் ஆகப் பெரிய எண்ணைப் பார்த்து ஒன்று கூட்டிக்கொள்ளும். கடைசி வரியை அழித்துவிட்டு நிறுத்தித் தொடங்கினால், அழிந்தவரின் எண் அடுத்து வருபவருக்குப் போகும். பழைய வரியை வேறு அட்டவணைக்கு மாற்றிச் சேமித்து வைத்திருந்தால் இப்போது ஒரே எண்ணில் இரண்டு பேர். 2003 இல் இந்தப் பிழையை 199 ஆம் இலக்க முறைப்பாடாகப் பதிந்தார்கள். தீர்வு வந்தது 2018 இல் வெளியான 8.0 பதிப்பில். பதினைந்து வருசம்.

இரண்டாவது, எண்ணுபவருக்குத் தெரியாமல் ஆட்களை உள்ளே விடுவது. போஸ்ட்கிரெஸ்ஸில் எண்களை வழங்குவது தனியான ஒரு தொடர். பழைய தரவை எண்களோடு சேர்த்து மொத்தமாக ஏற்றினால் அந்தத் தொடருக்கு அது தெரியாது. ஐயாயிரம் பேர் உள்ளே இருக்கும்போது அது புதியவருக்கு 1 ஐக் கொடுக்கும். முதல் பதிவே பிழை. தொடரை ஆகப் பெரிய எண்ணுக்கு முன்நகர்த்தினால் பிரச்சினை தீர்ந்தது.

மூன்றாவது, இரண்டு கிளைகளை ஒன்றாக்குவது. யாழ்ப்பாணக் கிளையும் மட்டக்களப்புக் கிளையும் தனித்தனியே 1 இல் இருந்து எண்ணியிருந்தால், ஒரே அட்டவணையில் போடும் அன்று முழுப்பேரும் மோதுவார்கள். 128 பிட் நீளமுள்ள தற்செயல் அடையாளங்கள் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். யாரையும் கேளாமல் ஒவ்வொரு இடமும் தன்பாட்டில் எண் போடலாம், மோதுவதற்கான வாய்ப்பு நடைமுறையில் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு.

நான்காவதுதான் எங்களை ஆகவும் ஆச்சரியப்படுத்தியது. தனித்துவக் கட்டுப்பாடு போட்டிருந்தும் இரட்டிப்பு வரலாம். தரவுத்தளம் ஒரு சாவி ஏற்கெனவே உண்டா என்று முழு அட்டவணையையும் வாசிப்பதில்லை. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி ஒரு வரிசையைப் பார்க்கும். 2018 இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் எழுத்துகளை அகரவரிசைப்படுத்தும் ஒழுங்கு மாறியது. போஸ்ட்கிரெஸ் அந்த ஒழுங்கை நம்பித்தான் எழுத்துச் சாவிகளை அடுக்கியிருந்தது. இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு, பழைய ஒழுங்கில் அடுக்கிய சொல்லடைவைப் புது ஒழுங்கில் தேடியது. இருக்கிற சாவி இருக்கிற இடத்தில் அகப்படவில்லை. இல்லை என்று நினைத்து இரண்டாவதையும் உள்ளே விட்டது. அடைவைப் புதிதாகக் கட்டுவதுதான் பரிகாரம், அதற்கு முன் புகுந்துவிட்ட இரட்டைகளைப் பிரித்தெடுக்க வேண்டும்.

பிரித்தெடுப்பது எப்படி

செய்முறை பெரிய மந்திரம் இல்லை. முதலில் அட்டவணையைப் பிரதி எடுத்து ஒதுக்கி வையுங்கோ. சாவியால் குழுவாக்கி, எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் வரும் குழுக்களை மட்டும் கேளுங்கோ. எழுத்துச் சாவி என்றால், இடைவெளிகளை நீக்கி, எழுத்தை ஒரே அளவாக்கி, பழைய இலக்கத்தைப் பன்னிரண்டாக்கிவிட்டு இன்னொரு தரம் கேளுங்கோ. சத்தம் போடாதவை அப்பதான் வெளியில வரும்.

பிறகு எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், முழு வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. பேர், பிறந்த திகதி, முகவரி, பதிந்த நேரம். இரண்டு வரிக்கும் ஒரு வினாடிதான் இடைவெளி என்றால் யாரோ பொத்தானை இரண்டு தரம் அழுத்தியிருக்கிறார்கள். இரண்டு வருசம் இடைவெளி, பேரும் வேறு என்றால் அது வேறு கதை. ஒரே ஆள்தான் என்று உறுதியான பிறகும் உடனே அழிக்கக் கூடாது. மற்ற அட்டவணைகளில் அந்த வரியைச் சுட்டுகிற கொடுப்பனவுகள், மருந்துச் சீட்டுகள், புள்ளிகள் எல்லாவற்றையும் நிற்கப்போகும் வரிக்கு மாற்றிய பிறகுதான் மற்றதை எடுக்கலாம்.

கடைசியாக, ஓட்டையை அடைக்க வேண்டும். "இருக்கா எண்டு பார், இல்லையெண்டால் போடு" என்று மென்பொருளில் எழுதினால் போதும் என்று பலர் நினைப்பார்கள். இரண்டு கவுண்டரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் இரண்டு பேருக்கும் இல்லை என்றுதான் வரும், இரண்டு பேரும் போடுவார்கள். தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு இருந்தால்தான் இது நிற்கும். கொட் கேட்டது அதைத்தான்.

மூன்றாவது பெட்டி

கொட்டின் கட்டுரைக்கு ஒரு வருடம் முந்தி, 1969 இல், கனடாவின் புள்ளிவிபரத் துறையில் வேலை செய்த இவான் ஃபெல்லெகி, அலன் சன்டர் என்ற இருவர் எதிர்ப்பக்கத்தில் இருந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். சாவியே இல்லாத இரண்டு பட்டியல் இருக்கிறது. இதில் இருப்பவரும் அதில் இருப்பவரும் ஒரே ஆளா? 1946 இலேயே ஹல்பேர்ட் டன் என்ற அமெரிக்க அதிகாரி, ஒவ்வொரு மனிதருக்கும் பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் ஒரு புத்தகம் உண்டு, அதன் பக்கங்கள் பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன என்று இந்த வேலையை விளக்கியிருந்தார். பக்கங்களைச் சேர்த்துக் கட்டுவதற்கான கணிதத்தைக் கொடுத்தவர்கள் ஃபெல்லெகியும் சன்டரும்.

அவர்கள் சொன்ன வழியில் ஒவ்வொரு சோடிப் பதிவுக்கும் மூன்று முடிவு உண்டு. ஒன்று, ஒரே ஆள். இரண்டு, வேறு ஆட்கள். மூன்று, சொல்ல முடியாது. மூன்றாவது பெட்டியில் விழுபவற்றை ஒரு மனிதர் எடுத்துப் பார்க்க வேண்டும். முதன்மைச் சாவிக்கு இரண்டு பெட்டிதான் உண்டு. வாழ்க்கையில் மூன்று.

தமிழ்ப் பேர்களை வைத்து இதைச் செய்தால் மூன்றாவது பெட்டி சீக்கிரம் நிறையும். எங்களுக்குக் குடும்பப் பேர் இல்லை, அப்பாவின் பேர் முதலெழுத்தாக முன்னுக்கு வரும், சில படிவத்தில் பின்னுக்கு வரும். சிவகுமாரை ஆங்கிலத்தில் ஒருவர் எஸ் மட்டும் போட்டு எழுதுவார், ஒருவர் எஸ் எச் போட்டு எழுதுவார். சிங்களத்தில் எழுதி அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் இன்னொரு வடிவம். ஒரு ஊரில் ஒரே வயதில் இரண்டு சிவகுமார் இருப்பதும் அதிசயம் இல்லை.

பட்டியலில் இருப்பவர்கள்

இதை நாங்கள் ஏன் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தோம் என்றால், எங்கட நாட்டில் மிகவும் கனமான பட்டியல்கள் இப்படிப்பட்டவை.

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாய் ஒரே இடத்தில் மட்டும் முறைப்பாடு கொடுப்பதில்லை. பொலிஸ், செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமைகள் ஆணைக்குழு, 2010 இல் அமைந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் அமைந்த பரணகம ஆணைக்குழு, பிறகு 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த காணாமற்போனோர் பற்றிய அலுவலகம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கோப்பு இலக்கம். ஒரே மகன் ஆறு பட்டியலில் ஆறு எண்ணோடு இருக்கலாம். அதே நேரம் ஒரே பேரில் ஒரே கிராமத்தில் இரண்டு பொடியன்கள் இருந்திருக்கலாம். இந்தப் பட்டியல்களை ஒன்றாக்கும்போது ஒருவரை ஆறாக எண்ணினால், எண்ணிக்கையை ஊதிப் பெருப்பித்தார்கள் என்று சொல்ல ஆட்கள் காத்திருக்கிறார்கள். இரண்டு பேரை ஒன்றாக்கினால், ஒரு தாயின் பிள்ளை எங்கேயும் இல்லை.

இரட்டிப்பு வெறும் குப்பை இல்லை என்பதைப் பெருவில் இருந்து படிக்கலாம். 1980 முதல் 2000 வரை நடந்த ஆயுத மோதலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அந்த நாட்டின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு தேடியது. அவர்களிடம் நேரே வந்து பதிவானவர்கள் சுமார் 24,000. ஆனால் 2003 இல் வந்த அறிக்கை சொன்ன மதிப்பீடு 69,280. மனித உரிமைத் தரவுப் பகுப்பாய்வுக் குழு என்று இன்று அழைக்கப்படும் அமைப்பின் பற்றிக் போலும் சகாக்களும் அந்தக் கணக்கைச் செய்தார்கள். பலர் அந்த எண்ணை மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கணக்கின் அடிப்படை எளிது.

இரண்டு பட்டியல், ஒவ்வொன்றிலும் 100 பேர். 50 பேர் இரண்டிலும் இருக்கிறார்கள் என்றால், முதல் பட்டியல் இரண்டாவதில் பாதியைப் பிடித்திருக்கிறது. ஆகவே மொத்தத்திலும் பாதியைப் பிடித்திருக்கும், மொத்தம் 200 போல. இரண்டிலும் இருப்பவர்கள் 10 பேர் மட்டும் என்றால் மொத்தம் 1,000 போல. இரண்டு பட்டியலும் ஒன்றில் ஒன்று தங்கியில்லை என்பது இதில் ஓர் அனுமானம், அதனால்தான் உண்மையான வேலையில் கூடுதலான பட்டியல்களை எடுப்பார்கள். எப்படி இருந்தாலும், எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களைப் பற்றிச் சொல்வது இரண்டு பட்டியலிலும் இருப்பவர்கள்தான். அந்த 50 ஐ 10 என்று பிழையாகப் பொருத்தினால் விடை ஐந்து மடங்காகிவிடும். ஒரே பேர் என்பதற்காக வேறு ஆட்களையும் ஒன்றாக்கி 10 ஐ 50 ஆக்கினால் 800 பேர் கணக்கில் இருந்து மறைவார்கள்.

அதே குழு 2018 இல், உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேசத் திட்டத்தோடு சேர்ந்து, 2009 மே 17 முதல் 19 வரை இராணுவத்திடம் சரணடைந்து காணாமற்போனவர்கள் எத்தனை பேர் என்ற ஆய்வை வெளியிட்டது. அங்கேயும் முதல் வேலை இதுதான்: பல பட்டியல்களை எடுத்து, எந்த வரியும் எந்த வரியும் ஒரே ஆள் என்று ஒவ்வொன்றாகப் பொருத்துவது.

நாங்கள் எல்லாரும் அப்படிப்பட்ட பட்டியலில் வேலை செய்யப் போவதில்லை. ஆனால் எங்களில் பலர் பிரதேச செயலகத்தில், வைத்தியசாலையில், வங்கியில், பழைய மாணவர் சங்கத்தில் ஏதோ ஓர் அட்டவணைக்குப் பொறுப்பாக இருப்போம். பேர் எழுதியிருக்கும் அட்டவணையில் இரட்டிப்புப் பிழை வந்தால், அழிக்கிறதுக்கு முதல் இரண்டு வரியையும் முழுசா வாசியுங்கோ. ஒரே ஆள் என்றால் கவனமாகச் சேருங்கோ. இரண்டு ஆள் என்றால் இரண்டு பேருக்கும் இடம் கொடுங்கோ. தெரியாவிட்டால் தெரியாது என்று குறித்து வைக்க ஒரு புலம் சேருங்கோ, பிறகு போனை எடுத்து ஒருக்கால் கேளுங்கோ.